சமோவாவை வெயில் காக்கவில்லை
குளிரில்தான் ஃப்ளூ பரவும், வெயில் அதைக் கொன்றுவிடும் என்ற நம்பிக்கைக்கு 1918-இன் சமோவாவே மறுப்பு. நவம்பர் 7 அன்று ஆக்லாந்திலிருந்து 'டலூன்' கப்பல் மேற்கு சமோவாவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தது, காய்ச்சல்காரர்களும் கரையிறங்கினார்கள். மழை தொடங்கும் புழுக்கமான மாதம் அது. ஆனாலும் சுமார் 8,500 பேர், ஐந்தில் ஒருவருக்கும் மேல், மாண்டார்கள். கிழக்கே, அதே வெயிலும் மழையும் உள்ள அமெரிக்க சமோவாவில் ஆளுநர் ஜான் போயர் கப்பல்களைத் தடுத்தார். அங்கே ஒரு சாவும் இல்லை.

ஐரோப்பாவில் குளிர்காலத்தில்தானே ஃப்ளூ வருகிறது என்று கேட்கலாம். உண்மைதான், வறண்ட குளிர்காற்றில் அந்தக் கிருமி கூடுதல் நேரம் தாக்குப்பிடிக்கும். ஆனால் பலருக்கும் ஓரளவு எதிர்ப்பாற்றல் உள்ள ஊரில்தான் பருவத்தின் கை ஓங்கும். எதிர்ப்பாற்றல் அறவே இல்லாத மக்களிடம் பருவம் பெரிய தடையல்ல. மேற்கு சமோவாவின் சாவுகளுக்குப் பொறுப்பு துறைமுகத்தைத் திறந்துவிட்ட நியூசிலாந்து நிர்வாகம். 2002-இல் நியூசிலாந்துப் பிரதமர் ஹெலன் கிளார்க் சமோவா மக்களிடம் மன்னிப்புக் கேட்டார்.