கண்ணி

கண்ணி என்பது தலையைச் சுற்றிச் சூடும் பூ வளையம். இன்று பூக்கிரீடம் என்கிறார்கள். பழந்தமிழில் தலைக்குக் கண்ணி, மார்புக்குத் தார், பெண்கள் அணிந்தால் கோதை எனத் தனித்தனிப் பெயர்கள் இருந்தன. முடியாக இருந்த கண்ணி போய்விட்டது. சொல் மட்டும் பூக்கடையில் தங்கியிருக்கிறது. நாரில் ஒரு முடிச்சுக்குள் விழும் பூக்களுக்கு இன்றும் கண்ணி என்றுதான் பெயர். “ரெண்டு கண்ணி கிள்ளிக் கொடும்மா” என்று கேட்பவர்களுக்கு, அது ஒரு காலத்தில் அரசர் தலையில் இருந்த சொல் என்பது தெரிந்திருக்க வேண்டியதில்லை.

சங்க காலத்தில் கண்ணி பெரிதும் ஆண்களின் அணி. சேரருக்குப் பனம்பூ, பாண்டியருக்கு வேம்பு, சோழருக்கு ஆத்தி என்று தொல்காப்பியம் வகுக்கிறது. ஆநிரை கவரப் போகிறவன் வெட்சி சூடினான், வென்றவனுக்கு வாகை. காதல் கைகூடாமல் பனைமடலில் குதிரை செய்து தெருவுக்கு வந்தவன் தலையில் எருக்கம்பூ. பார்த்த மாத்திரத்தில் ஊருக்குச் செய்தி புரிந்துவிடும். தலையில் பூ வளையம் சூடுவது ஹவாய்த் தீவுகளிலும், சுவீடனின் நடுக்கோடை விழாவிலும் உண்டு. நம்மிடம் இது மேலைநாட்டிலிருந்து வந்த புதுமோஸ்தராகப் பேசப்படுவதுதான் வேடிக்கை.

கொடைக்கானல் மேல்மலையில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,000 மீட்டர் உயரத்தில் உள்ள மன்னவனூரில் கண்ணி கட்ட நினைத்தால் சமவெளிக் கணக்கு செல்லாது. மல்லிகைக்கு அந்தக் குளிர் ஆகாது. நிலக்கோட்டைப் பக்கமிருந்து மலையேறி வர வேண்டும். வாழையும் தாண்டிக்குடி, பண்ணைக்காடு எனக் கீழ்மலையோடு சரி. ஆகவே நாரும் கடைச்சரக்குதான். பூவுக்குப் பஞ்சமில்லை. சாமந்தி, ரோஜா, டேலியா, ஜெரேனியம், கொத்துக்கொத்தாக ஹைட்ராஞ்சியா என்று குளிருக்கு ஏற்ற பூக்கள் பல. கொடைக்கானல் வட்டாரத்தில் பசுமைக்குடில்களில் கார்னேஷனும் வளர்க்கிறார்கள்.

கட்டுவதற்கு முதல் நாள் மாலையே பூவைக் காம்போடு வெட்டித் தண்ணீரில் நிறுத்த வேண்டும். வயிறு நிறையக் குடித்த பூதான் மறுநாள் தலையில் நிற்கும். வாழைநாரை நனைத்து, நகத்தால் மெல்லிசாகக் கிழித்துக்கொள்ள வேண்டும். காய்ந்த நார் இழுத்ததும் அறும், நூல் காம்பை அறுக்கும். நெற்றிக்கு மேலாகத் தலையைச் சுற்றி அளந்து, பெரியவர்களுக்கு 55 சென்டிமீட்டர் அளவில் வளையும் குச்சியையோ மெல்லிய கம்பியையோ வளையமாக்கித் துணி சுற்ற வேண்டும். பின்பக்கம் இரண்டு விரல் இடைவெளி விட்டு நாடா கட்டினால் யார் தலைக்கும் பொருந்தும்.

பூவை ஒவ்வொன்றாகச் செருகுவது தொடக்கக்காரர்களின் தவறு. ஒரு பெரிய பூ, இரண்டு சிறு பூ, அடியில் ஒரு இணுக்கு மரிக்கொழுந்து என விரல் நீளக் காம்போடு முதலில் சிறு கொத்துகளாகக் கட்டிவிட வேண்டும். பிறகு முதல் கொத்தின் காம்பை அடுத்த கொத்தின் பூ மறைக்கும்படி ஒரே திசையில் வளையத்தில் படுக்கவைத்து, நாரை இரண்டு சுற்று சுற்றி, வளைவுக்குள் நுழைத்து இழுக்க வேண்டும். கடைசிக் கொத்தின் காம்பு முதல் பூவுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளும். ஹைட்ராஞ்சியாவை முழுக்கொத்தாக வைத்தால் சீக்கிரம் தலை தொங்கும்; சிறு இணுக்காகக் கிள்ளி வைக்கலாம்.

எல்லாப் பூவும் தலைக்கு ஆகாது. ஈர நிலங்களில் தானாக மண்டும் வெள்ளைக் கல்லா லில்லி தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. அதன் சாறு தோலில் எரிச்சல் தரும். மணிபோலத் தொங்கும் மலை ஊமத்தையும் அரளியும் நஞ்சு. குழந்தை தலையில் வைத்ததை வாயில் வைக்காது என்று யார் சொல்வது? குறிஞ்சிமேல் ஆசை வரலாம். 2006-க்குப் பிறகு 2018-இல்தான் இந்த மலையில் அது பெருவாரியாகப் பூத்தது. ஆனால் 2013-இல் அறிவிக்கப்பட்ட கொடைக்கானல் வனவிலங்கு சரணாலயத்துக்குள் அனுமதியின்றிச் செடிகொடியைப் பறிப்பது குற்றம். வீட்டுத் தொட்டியில் பூப்பதே போதும்.

கட்டிய கண்ணியில் தண்ணீர் தெளித்து ஈரத்துணியில் சுற்றி வைத்தால், மேல்மலைக் குளிருக்கு மறுநாளும் வாடாது. மார்கழி, தை இரவுகளில் மட்டும் வீட்டுக்குள்ளேயே வைக்க வேண்டும். வெளியே வைத்தால் உறைபனியில் இதழ் கருகிவிடும்.