கிரண்காவ்: ஆலைகளை மூடியது வேலைநிறுத்தம் மட்டுமா?

மும்பையின் லோவர் பரேல் பக்கம் இண்டைக்குப் போனால் கண்ணாடிக் கட்டடங்களும் ஷொப்பிங் மோல்களும்தான் கண்ணில் படும். நடுவில் ஒரு மோலுக்குள்ள பழைய புகைபோக்கி ஒன்று மட்டும் நிக்குது. அது பீனிக்ஸ் மில்லின் புகைபோக்கி. பரேல், லால்பாக், வொர்லி எல்லாம் சேர்ந்த இந்தப் பகுதியை மராத்தியில் கிரண்காவ் என்பார்கள். ஆலைகளின் ஊர் என்று அர்த்தம்.

பம்பாயின் முதல் பஞ்சாலை 1856 இல் தார்தேவில் ஓடத் தொடங்கியது. பிறகு கொங்கண் கரையிலிருந்தும் சாதாராவிலிருந்தும் ஆக்கள் வேலை தேடி வந்தார்கள். 'சால்' எனப்படும் மாடிக் குடியிருப்புகளில் ஒரே அறையைப் பலர் பகிர்ந்தார்கள். ஒரு ஷிப்ட் வேலைக்குப் போக மற்ற ஷிப்ட் வந்து படுக்கும். தனியாக வந்த ஆண்களுக்குப் பெண்கள் மாதக் காசுக்குச் சமைத்துப் போட்டார்கள். ஆலைச் சங்குதான் ஊருக்கே மணிக்கூடு.

1982 ஜனவரி 18 இல் வேலைநிறுத்தம் தொடங்கியது. ஏறத்தாழ இரண்டரை இலட்சம் தொழிலாளர், தலைமை தாங்கியவர் டொக்டர் தத்தா சாமந்த். சம்பளமும் போனஸும் மட்டும் அவர்களின் கோரிக்கை இல்லை. 1946 ஆம் ஆண்டுச் சட்டப்படி அங்கீகாரம் ஒரேயொரு தொழிற்சங்கத்துக்குத்தான். தங்களுக்காக யார் பேசுவது என்பதைத் தாங்களே தீர்மானிக்க வேண்டும் என்றும் கேட்டார்கள். ஒரு வருசம் தாண்டியும் தீர்வு வரவில்லை. வேலைநிறுத்தம் முறைப்படி முடித்துவைக்கப்படவே இல்லை. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள்.

"வேலைநிறுத்தம் செய்து தங்கட ஆலையைத் தாங்களே மூடினவை" என்று இதைச் சொல்லி முடிக்கிறது சுகம். ஆனால் அதற்கு முன்னமே முதலாளிகள் புது இயந்திரங்களில் காசு போடத் தயங்கினார்கள். உற்பத்தி பிவண்டியின் சின்னச் சின்ன விசைத்தறிக் கூடங்களுக்கு நகர்ந்துகொண்டிருந்தது. கூலி அங்கே குறைவு, சங்கமும் இல்லை. இன்னொரு பக்கம் நகரின் நடுவில் கிடந்த ஆலை நிலத்தின் விலை ஏறிக்கொண்டே போனது. ஓடுற மில்லை விட மூடின மில்லுக்குப் பெறுமதி கூடியது.

ஆகவே 1982 ஐ மட்டும் பார்த்தால் கதை பாதிதான். மிச்சம் நிலச் சட்டத்தில் இருக்கு. 1991 இல் வந்த விதி, ஆலை நிலத்தை மாற்றிக் கட்டுவதென்றால் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு பொதுவெளிக்கு, இன்னொரு பங்கு பொது வீடமைப்புக்கு, மிச்சம் உரிமையாளருக்கு என்றது. 2001 இல் அதைத் திருத்தினார்கள். முழு நிலத்தையும் பங்கிடத் தேவையில்லை, கட்டடம் இல்லாத வெற்று நிலத்தை மட்டும் பங்கிட்டால் போதும் என்று ஆனது. ஆலை நிலத்தில் பெரும்பகுதி கட்டடம்தானே! பம்பாய் உயர் நீதிமன்றம் 2005 இல் பொதுமக்கள் பக்கம் நின்றது. 2006 இல் உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, திருத்தம் செல்லும் என்றது.

நகரத்துக்கு வந்திருக்க வேண்டிய பூங்காக்களும் வீடுகளும் அந்தத் திருத்தத்தோடு சுருங்கிப் போயின. அதே நிலத்தில் அலுவலகங்களும் உணவகங்களும் எழும்பின. 2017 டிசம்பரில் கமலா மில்ஸ் வளாகத்தின் கூரை உணவகத்தில் தீப்பிடித்து 14 பேர் இறந்தார்கள். அந்தப் பெயரில் மட்டும்தான் மில் மிஞ்சியிருந்தது.

கிரண்காவ் மாறியது காலத்தின் கட்டாயம் என்று நாங்கள் நினைக்கவில்லை. தொழில் போவது ஒன்று, தொழில் போன நிலம் யாருக்கு என்பது வேறொன்று. இரண்டாவதைச் சட்டத்தில் எழுதித்தான் தீர்மானித்தார்கள். எங்கட நாட்டிலும் மூடின தொழிற்சாலைகள் இருக்கு. "ஏன் மூடினது?" என்று கேக்கிற நாங்கள், "அந்த நிலம் இனி யாருக்கு, எந்த விதிப்படி?" என்றும் சேர்த்துக் கேப்பம்.