திரையில் தங்கிய நிழல்

நெகிரி செம்பிலான் எல்லையை ஒட்டிக் கிடக்கும் லூபோக் சீனா வட்டாரத்தில், ஆண்டிறுதிப் பள்ளி நாளொன்றில், இரு மாணாக்கரிடையே எழுந்த வழக்கொன்றை நான் தீர்க்க நேர்ந்தது. ஒருவன் கையில் பழைய கையடக்க விளையாட்டுக் கருவி. அவன் மாமா அதற்குப் புதிய திரை பொருத்திப் பரிசளித்திருந்தார். மற்றவன் அதை இரவல் வாங்கி, ஓய்வு நேரம் முழுதும் ஒரே ஆட்டத்தை ஆடித் திருப்பித் தந்தான். ஆட்டத்தை மாற்றியபோதும் முந்தைய ஆட்டத்தின் உருவங்கள் மங்கிய நிழலாகத் திரையிலேயே நின்றன. “நான் ஒன்றும் செய்யவில்லை, ஐயா” என்று இரவல் வாங்கியவன் அழுதான். நான் நம்பவில்லை. அவனை வளர்த்த பாட்டி தோட்டத்தில் புல்வெட்டுபவர். முந்தானை முடிச்சை அவிழ்த்து இழப்பீடு தந்து சென்றார்.

என் தவற்றுக்குக் காரணம் அரைகுறை அறிவு. பழைய குழாய்த் தொலைக்காட்சியில் ஒரே படம் நெடுநாள் நின்றால், கண்ணாடியின் உட்புறத்தில் ஒளிரும் பூச்சு அவ்விடத்தில் தேய்ந்துபோகும், அத்தழும்பு ஆறாது. இதுவும் அத்தகையதே என்று எண்ணினேன். உண்மை வேறு. அதனை விளக்க நூறாண்டுக்கு மேல் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

1888 ஆம் ஆண்டு பிராகு நகரில் பிரீட்ரிக் ரைனிட்சர் என்னும் தாவரவியலறிஞர், கொலஸ்ட்ரால் சேர்மம் ஒன்றைச் சூடேற்றினார். 145.5 பாகை செல்சியசில் அது உருகிக் கலங்கல் திரவமாயிற்று, 178.5 பாகையில் மீண்டும் உருகினாற்போலத் தெளிந்தது. ஒரே பொருளுக்கு இரு உருகுநிலையா என வியந்து, ஆட்டோ லேமன் என்னும் இயற்பியலறிஞருக்கு எழுதினார். நீர்போல் ஓடினும் படிகம்போல் ஒளியை மாற்றும் அப்பொருளே திரவப் படிகம். (திருச்சியை அடுத்த திருவானைக்காவலில் சர் சி. வி. இராமன் பிறந்ததும் அதே 1888 இல்தான். அவர் பெயரால் பெங்களூரில் விளங்கும் ஆய்வுக்கழகத்தில், அவருடைய சகோதரியின் மகன் எஸ். சந்திரசேகர், சதாசிவா, சுரேஷ் ஆகியோருடன் சேர்ந்து 1977 இல் தட்டு வடிவ மூலக்கூறுகளாலான புதுவகைத் திரவப் படிகத்தைக் கண்டறிந்தார். அவ்வகைப் பொருளே பின்னர், பக்கவாட்டிலிருந்து பார்த்தாலும் திரை தெளிவாய்த் தெரியச் செய்யும் மெல்லேட்டுக்குப் பயன்பட்டது. நம் மாணவர்க்கு இதைச் சொல்லாமல் விடலாகாது.)

எண்பதாண்டுகள் அப்பொருள் ஆய்வுக்கூட விந்தையாகவே இருந்தது. 1968 இல் அமெரிக்காவின் ஆர்.சி.ஏ. நிறுவனத்தில் ஜார்ஜ் ஹைல்மையர் குழுவினர் அதனைக் கொண்டு காட்சித் திரை செய்து காட்டினர். ஆயின் ஓர் இடர்ப்பாடு எதிர்ப்பட்டது. மின்னழுத்தத்தை ஒரே திசையில் செலுத்தினால் திரவம் விரைவில் கெட்டது.

காரணம் இதுதான். இரு கண்ணாடித் தகடுகளுக்கிடையே அடைபட்ட திரவத்தில், எவ்வளவு தூய்மையாக்கினும், மின்னேற்றமுடைய நுண்ணிய அயனிகள் சில எஞ்சும். அழுத்தம் ஒரே திசையில் நீடித்தால் அவை நேர்முனையும் எதிர்முனையுமாகப் பிரிந்து, தகடுகளின் ஓரம் சென்று ஒட்டிக்கொள்ளும். படம் மாறியபின்னும் அவற்றின் விசை அங்கேயே நிற்பதால், அவ்விடத்து மூலக்கூறுகள் பிறவற்றைப்போல் திரும்புவதில்லை. அதுவே நாம் காணும் நிழல். நெடிது நீடித்தால் மின்வேதி மாற்றத்தால் திரவமே சிதையும்.

நல்வாய்ப்பாக, திரவப் படிகத்துக்கு அழுத்தத்தின் அளவே பொருட்டு, திசை பொருட்டன்று. நேராகச் செலுத்தினும் எதிராகச் செலுத்தினும் மூலக்கூறு ஒரே விதமாகத் திரும்பும். எனவே நொடிக்குப் பலமுறை திசையை மாற்றி மாற்றிச் செலுத்தினால் படம் மாறாது. அயனிகளும் ஓரம் சேரா. பால் வாளிகளைக் கம்பில் மாட்டிச் சுமந்த நம் பெற்றோர் தோள் மாற்றி நடந்தது போன்றதே இது. 1970 இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் ஷாட், ஹெல்பிரிக் இருவரும் கண்ட முறுக்கமைப்பும், சில ஆண்டுகளில் இங்கிலாந்தின் ஹல் பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் கிரே ஆக்கிய நிலைத்த சேர்மங்களும் இம்முறையோடு இணைந்தன. 1973 இல் ஷார்ப் நிறுவனத்தின் சட்டைப்பைக் கணிப்பான் திரவப் படிகத் திரையுடன் வெளிவந்தது.

அக்கணிப்பானிலிருந்துதான் விளையாட்டு பிறந்தது. விரைவு ரயிலில் ஒருவர் பொழுதுபோகாமல் கணிப்பானின் பொத்தான்களை அழுத்திக்கொண்டிருந்ததைக் கண்ட நின்டெண்டோவின் குன்பெய் யோகோய்க்கு எண்ணம் தோன்றியது என்பர். 1980 இல் ‘கேம் அண்ட் வாட்ச்’ வந்தது. என் சிறுவயதில் தோட்டத்துக் கிராணியார் வீட்டுப் பிள்ளையிடம் அவ்வகைக் கருவி ஒன்று இருந்தது. நாங்கள் வரிசையில் நின்று எட்டிப் பார்ப்போம். 1989 இல் ‘கேம் பாய்’ வந்தது. 160க்கு 144 புள்ளிகள், நான்கே சாயல்கள், பின்னொளி இல்லை. அதே ஆண்டில் வண்ணத் திரையோடு போட்டியாளர் வந்தபோதும், மலிந்த பழகிய தொழில்நுட்பமே போதும் என்ற யோகோயின் துணிபு வென்றது.

அத்திரை மந்தமானது, ஒரு புள்ளி தோன்றி மறையக் காலம் பிடிக்கும். ஆட்டம் இயற்றியோர் அக்குறையையே கருவியாக்கினர். ஓர் உருவை ஒரு சட்டத்தில் காட்டி மறு சட்டத்தில் மறைத்தால், மந்தமான திரையில் அது புகைபோல் அரைத் தெளிவாய்த் தெரியும். நிழல், புகை, அடிபட்டவன் மினுக்கம் எனப் பலவற்றை அவ்வாறு காட்டினர். நாம் குறையென்பதை அவர்கள் அழகாக்கியது மெச்சத்தக்கது.

சிக்கல் பிற்காலத்தில் தோன்றியது. இன்று ஆர்வலர்கள் அப்பழைய கருவிகளில் விரைவான, பின்னொளியுள்ள புதிய திரையைப் பொருத்துகின்றனர். அதுவும் ஒவ்வொரு சட்டத்துக்கும் மின்திசையை மாற்றுகிறது. ஆனால் உருவும் ஒரு சட்டம் விட்டு ஒரு சட்டமே தோன்றுவதால், அது தோன்றும்போதெல்லாம் திசை ஒன்றாகவே அமைந்துவிடுகிறது. தோள் மாற்றித்தான் நடக்கிறான். ஆனால் வலத்தோளுக்கு வரும்போது மட்டும் வாளி நிறைந்திருக்கிறது, இடத்தோளுக்கு வரும்போது வெறுமையாக இருக்கிறது. பிறகு வலத்தோள் காய்க்காமல் என் செய்யும்? அயனிகள் ஓரம் சேர்கின்றன, நிழல் தங்குகிறது.

அத்தகைய நிழல் பெரும்பாலும் நிலையானதன்று. கருவியை அணைத்துவைத்தால், சேர்ந்த அயனிகள் சிலமணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ கலைந்துவிடும். அன்றைய கருவியிலும் அதுவே நடந்தது. விடுமுறையின் முதல் வாரத்திலேயே திரை தெளிந்துவிட்டது என்று உடையவனின் தாயார் என்னிடம் போகிற போக்கில் சொன்னார். இரவல் வாங்கியவன் எதையும் உடைக்கவில்லை. எல்லாரும் ஆடும் ஆட்டத்தை ஆடியிருந்தான், அவ்வளவே.

தொகையைத் திரும்பப் பெற்று நானே தோட்டத்து வீட்டிற்குக் கொண்டுசென்றேன். பாட்டி எண்ணிப் பார்க்காமல் முடிந்துகொண்டார். பையன் அதற்குள் இடைநிலைப் பள்ளிக்குச் சென்றுவிட்டிருந்தான். பள்ளிப் பேருந்து இன்னும் வரவில்லை என்றார்கள். சற்று நேரம் வாசலில் காத்திருந்தேன்.