ஜங்க் ஜர்னல்

தூக்கிப் போட வேண்டிய காகிதங்களை ஒட்டியும் தைத்தும் உருவாக்கும் குறிப்பேடு. பேருந்துச் சீட்டு, நாள்காட்டித் தாள், மிட்டாய் உறை, பழைய அழைப்பிதழ் எல்லாம் இதற்கு ஆகும். கள்ளக்குறிச்சியில் பேருந்து ஏறிக் கல்வராயன் மலையின் பெரியார் அருவிக்குப் போய்வந்தவர், அந்தச் சீட்டையும் கடலை மடித்துத் தந்த தாளையும் ஒட்டித் தேதி எழுதிவைத்தால், ஒரு பக்கம் முடிந்தது.

பெயர் புதிது, பழக்கம் பழையது. ஜேம்ஸ் கிரேஞ்சர் 1769இல் வெளியிட்ட இங்கிலாந்து வாழ்க்கை வரலாற்று நூலை ஒட்டி, அச்சிட்ட புத்தகத்துக்குள் வேறு இடத்துப் படங்களைச் சேர்த்து மறுபடி கட்டுவது அங்கே பொழுதுபோக்காகப் பரவியது. பக்கங்களில் முன்கூட்டியே பசை தடவிய ஒட்டுப் புத்தகம் ஒன்றுக்கு எழுத்தாளர் மார்க் ட்வைன் 1873இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார்.

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கியது தொடர்கதை பைண்டு. 1941இல் தொடங்கிய ‘கல்கி’ இதழில் 1950 முதல் 1954 வரை ‘பொன்னியின் செல்வன்’ வாரந்தோறும் வந்தது. வீட்டில் எல்லாரும் படித்து முடித்ததும் கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து அடுக்கிவைப்பார்கள். கட்டு சேர்ந்ததும் அது பைண்டரிடம் போகும். அவர் ஊசி நூலால் தைத்து, மைதா காய்ச்சிய பசையில் பூச்சி அரிக்காதிருக்க மயில்துத்தம் கலந்து, அட்டையும் முதுகுக்குக் காலிகோ துணியும் ஒட்டித் தருவார். ஒரு வாரத்து இதழ் இரவல் போய்த் திரும்பாவிட்டால், அந்த அத்தியாயம் இல்லாமலே புத்தகம் முடியும்.

கதைக்காகத்தான் வெட்டினார்கள். ஆனால் கதைக்கு ஓவியர் மணியம் வரைந்த படங்களும், தாளின் பின்புறம் இருந்த விளம்பரமும், துணுக்கும் கூடவே உள்ளே வந்துவிட்டன. பின்னாளில் நூலாக வந்த பல பதிப்புகளில் இவை கிடையாது. அதனால்தான் கதை கடையில் எளிதாகக் கிடைக்கும் காலத்திலும் பழைய பைண்டுகளைத் தேடி வாங்குகிறார்கள்.

இதே பழக்கத்தைப் பெரிய அளவில் செய்தவர் காரைக்குடி அருகே கோட்டையூரைச் சேர்ந்த ரோஜா முத்தையா. விளம்பரப் பலகை எழுதும் ஓவியரான அவர் நூல்கள், இதழ்களோடு நாடக நோட்டீசுகளையும் அழைப்பிதழ்களையும் சேர்த்தார். 1992இல் அவர் மறைந்தபின் சிகாகோ பல்கலைக்கழகம் அத்தொகுப்பை வாங்கியது. 1994இல் அதைக் கொண்டு ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. பழைய பேப்பர் கடைக்குப் போகவேண்டிய அந்த நோட்டீசுகள் இன்று சென்னை தரமணியில் ஆய்வாளர்களின் மேசையில் விரிகின்றன.