டாங்கி: மரம் இழுத்த கழுதை

வட அமெரிக்காவின் பசிபிக் கரைக் காடுகளில் ‘டாங்கி’ என்றால் நான்கு கால் கழுதை அல்ல. வெட்டிய மரத்தை வடம் கட்டி இழுத்த நீராவி இயந்திரம். சொல் கப்பலிலிருந்து வந்தது. நங்கூரம் தூக்கவும் சரக்கு ஏற்றவும் கப்பல் தளத்தில் இருந்த சிறிய துணை இயந்திரத்துக்கு அந்தப் பெயர். குதிரைத்திறன் போதாததால் கழுதை ஆனது என்று வேடிக்கையாகச் சொல்வார்கள். சிறு பாரம் சுமப்பது என்ற பொருளே போதும் என்று எனக்குப் படுகிறது.

கலிபோர்னியாவின் யுரேகாவில் ஜான் டால்பியர் இந்த இயந்திரத்தைக் காட்டுக்குக் கொண்டுவந்து 1882-இல் காப்புரிமை பெற்றார். அதுவரை மரம் இழுத்தவை எருதுகள். அவற்றை ஓட்டியவர் ‘புல் பஞ்சர்’ (bull puncher), அதாவது எருதைக் குத்தி ஓட்டுபவர். எருது போய் இயந்திரம் வந்ததும் அவர் வேலையைப் பிடித்தவர் ‘டாங்கி பஞ்சர்’. கொதிகலனை அதட்டி ஓட்ட முடியாது, ஆனாலும் பட்டம் ஒட்டிக்கொண்டது! இயந்திரம் இடம் மாற வேண்டுமா? வடத்தைத் தூரத்து மரத்தில் கட்டி, மரச்சறுக்கில் அமர்ந்தபடி தன்னைத்தானே இழுத்துக்கொள்ளும். பிறகு டீசல் இயந்திரமும் லாரியும் வந்தன. பழைய டாங்கிகளை இன்றும் யுரேகாவின் ஃபோர்ட் ஹம்போல்ட் பூங்காவில் பார்க்கலாம்.