சீயக்காய் முதல் மருந்துக் குமிழி வரை



கிரிவலப் பாதையில் இருக்கும் அடி அண்ணாமலைதான் என் ஊர். 2021 மே மாதம் எங்க தெரு டெய்லர் மாமாவுக்குக் கொரோனா குணமாகி, பின்னாலேயே கருப்புப் பூஞ்சை வந்தது. ‘லைப்போசோமல் ஆம்போடெரிசின்’ என்று எழுதிய சீட்டோடு அவர் மகன் சென்னை வரை அலைந்தான். "சாதா ஆம்போடெரிசின் இருக்காம், ஆனா கிட்னியைப் பாதிக்குமாம். ஒரே மருந்துதானேண்ணா, அப்படி என்ன வித்தியாசம்?" என்று போனில் கேட்டான். இன்ஜினீயர் என்று பேர், பதில் தெரியவில்லை. பிறகு படித்துத் தெரிந்துகொண்டதை இந்த மலரில் எழுதுகிறேன்.

விஷயம் நம் வீட்டுக் குளியலறையில்தான் தொடங்குகிறது. எண்ணெய்க் குளியலுக்குச் சீயக்காய் தேய்க்கிறோம். சீயக்காயிலும் சோப்பிலும் உள்ள மூலக்கூறுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை எண்ணெயை விரும்பும். ஓர் அளவுக்கு மேல் அவை தண்ணீரில் சேர்ந்தால், யாரும் சொல்லாமலே வால்களை உள்ளே மறைத்து உருண்டையாகக் கூடிவிடும். அந்த உருண்டைதான் மைசெல். கெமிஸ்ட்ரி லேபில் சோப்புத் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக எண்ணினோமே, ஞாபகம் இருக்கிறதா?

இந்தக் கூட்டத்தை 1913-ல் முதலில் எடுத்துச் சொன்னவர், அப்போது இங்கிலாந்தில் பிரிஸ்டலில் இருந்த ஜேம்ஸ் வில்லியம் மெக்பெயின். பலர் நம்பவில்லை. அதே மெக்பெயின்தான் 1950-ல் திறக்கப்பட்ட புனே தேசிய இரசாயன ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆம்போடெரிசின் 1950-களில் மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரியிலிருந்து கிடைத்தது. அது தண்ணீரில் கரையாது. அதனால் பித்த உப்பு ஒன்றோடு சேர்த்து, மைசெல் போன்ற வடிவில் ஊசியாக்கினார்கள். ஆனால் ரத்தத்தில் கலந்து நீர்த்ததும் அந்தக் கூட்டு கலைந்துவிடும். மருந்து கண்ட இடத்தில் இறங்கும். குளிர் நடுக்கம், காய்ச்சல், கிட்னிக் கோளாறு எல்லாம் வரும்.

1960-களில் கேம்பிரிட்ஜ் அருகே அலெக் பாங்கம், கொழுப்பு மூலக்கூறுகள் தண்ணீரில் இரட்டைச் சுவர் கொண்ட பைகளாகத் தாமே மூடிக்கொள்வதைக் கண்டார். இதுதான் லைப்போசோம். ரத்தத்தில் நீர்த்தாலும் சட்டென்று கலையாது. ஆம்போடெரிசின் அந்தச் சுவருக்குள்ளேயே உட்கார்ந்து பயணம் செய்யும். பூஞ்சையைத் தொட்ட இடத்தில் இறங்கும். உடல் சூட்டைவிடச் சில டிகிரி கூடினால் திறக்கும் பைகளையும் 1978-ல் செய்து காட்டினார்கள்.

பீகாரின் காலா அசார் நோய்க் கிருமி, கல்லீரல், மண்ணீரலில் உள்ள விழுங்கு செல்களுக்குள் ஒளிந்திருக்கும். லைப்போசோமை விழுங்குவதும் அதே செல்கள்தான்! 2010-ல் வெளியான முசாபர்பூர் ஆய்வில் 412 நோயாளிகள். பழைய முறையில் 29 நாளில் 15 முறை ஏற்றிய மருந்துக்கு ஈடாக, லைப்போசோம் மருந்து ஒரே முறை ஏற்றியதிலேயே குணம் தெரிந்தது. கூலி வேலைக்குப் போகிறவருக்கு அந்த 29 நாள் என்றால் என்ன என்று நமக்குத் தெரியாதா?

டெய்லர் மாமாவுக்கு மருந்து ஒரு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. உயிர் பிழைத்தது, ஒரு கண் போய்விட்டது. இப்போதும் தைக்கிறார், ஊசியில் நூல் கோத்துக் கொடுப்பது மகன்.

தம்பி தங்கைகளே, தத்துவம் கண்டுபிடித்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. 2021-ல் நமக்குக் குறைந்தது அறிவு இல்லை, தயாரிப்பு. மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு அளவுள்ள பையை, லட்சக்கணக்கான குப்பிகளில், ஒரே சீராக, மலிவாகச் செய்ய வேண்டும். அது டாக்டர் வேலை இல்லை. நம்ம வேலை.