ஜெகஜீவன் ராம் 1980-இல் வென்றிருந்தால்: அமையாத அமைச்சரவையும் இலாகா அரசியலும்

தேர்தல் முடிவுகள் வெளியாவதற்கு முன்பே உத்தேச அமைச்சரவைப் பட்டியல்கள் உலவத் தொடங்குவது எல்லா நாடுகளிலும் உள்ள வழக்கம். அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் தாம் விரும்பும் எவரையும், நாடாளுமன்றத்துக்கு வெளியிலிருந்தும், அமைச்சராக முன்மொழியலாம். மேலவையின் ஒப்புதல் மட்டுமே தேவை. எனவே அங்கு ஊகத்துக்கு எல்லை குறைவு. இந்தியாவில் கட்சிக் கணக்கு, கூட்டணிக் கணக்கு, மாநிலக் கணக்கு, சாதிக் கணக்கு ஆகியவை பட்டியலை முன்கூட்டியே பாதி எழுதிவிடுகின்றன. அதனால்தான் நடந்தேறாத ஓர் அமைச்சரவையையும் ஓரளவு உறுதியுடன் வரைந்து பார்க்க முடிகிறது.

அவ்வாறு வரைந்து பார்க்கத் தக்கது, 1980 சனவரித் தேர்தலில் பாபு ஜெகஜீவன் ராம் தலைமையில் ஜனதா கட்சி வென்றிருந்தால் அமைந்திருக்கக்கூடிய அமைச்சரவை. தலித் ஒருவர் பிரதமராகும் வாய்ப்புக்கு இந்தியா மிக அருகில் சென்ற தருணம் அது. தலைமைப் பதவியில் தலித் ஒருவர் அமர்ந்தால் அதிகாரத் துறைகளின் பங்கீடும் மாறிவிடுமா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் விடை தருகிறது.

1979 ஆகஸ்டு முதல் 1980 சனவரி வரை

1977 பிப்ரவரி 2 அன்று காங்கிரசிலிருந்து விலகிய ஜெகஜீவன் ராம், பகுகுணா, நந்தினி சத்பதி ஆகியோருடன் ஜனநாயகத்துக்கான காங்கிரசைத் தொடங்கினார். நெருக்கடிநிலைக்குப் பிந்தைய அத்தேர்தலில் இந்திரா காந்தியின் தோல்விக்கு அந்த விலகல் முக்கியமான காரணங்களுள் ஒன்று. ஆயினும் பிரதமர் பதவி மொரார்ஜி தேசாய்க்குச் சென்றது. ஜெகஜீவன் ராமுக்குப் பாதுகாப்புத் துறை கிடைத்தது.

1979 சூலை 15 அன்று மொரார்ஜி பதவி விலகினார். சூலை 28 அன்று சரண் சிங் பிரதமரானார். இந்திரா காங்கிரசு ஆதரவைத் திரும்பப் பெற்றதால், நாடாளுமன்றத்தைச் சந்திக்காமலேயே ஆகஸ்டு 20 அன்று அவர் விலகினார். அப்போது ஜனதா நாடாளுமன்றக் கட்சியின் தலைவராக இருந்த ஜெகஜீவன் ராம் ஆட்சியமைக்க உரிமை கோரினார். குடியரசுத் தலைவர் நீலம் சஞ்சீவ ரெட்டி அவரை அழைக்கவில்லை; ஆகஸ்டு 22 அன்று மக்களவையைக் கலைத்தார். பெரும்பான்மையை அவையில் நிறுவிக் காட்டும் வாய்ப்பு சரண் சிங்குக்கு அளிக்கப்பட்டது. ஜெகஜீவன் ராமுக்கு அளிக்கப்படவில்லை. அரசமைப்பு வரலாற்றில் இன்றும் விவாதிக்கப்படும் முடிவு இது.

அடுத்து வந்த தேர்தலில் ஜனதா கட்சி அவரையே பிரதமர் வேட்பாளராக அறிவித்தது. இந்திரா காங்கிரசு 353 இடங்களைப் பெற்றது. ஜனதா 31 இடங்களோடு நின்றது.

அமைந்திருக்கக்கூடிய பட்டியல்

முடிவு மாறியிருந்தால் யார் யார் அமைச்சராகியிருப்பர்? சரண் சிங்கும் சோசலிஸ்டுகளில் ஒரு பகுதியினரும் பிரிந்துசென்ற பின் ஜனதாவில் எஞ்சியிருந்தவர்களிலிருந்தே தொடங்க வேண்டும். பழைய ஜனசங்கப் பிரிவே அப்போது கட்சிக்குள் வலுவான அணி. 1977 அமைச்சரவையில் மூன்று கேபினட் இடங்களைப் பெற்றிருந்த அப்பிரிவு, 1980-இல் அதைவிடக் கூடுதலாகக் கேட்டிருக்கும்.

வெளியுறவுத் துறை மீண்டும் வாஜ்பாயிக்கும், தகவல் ஒலிபரப்புத் துறை மீண்டும் அத்வானிக்கும் சென்றிருக்கும் எனக் கருதலாம். இரயில்வே அமைச்சராக நற்பெயர் பெற்ற மது தண்டவதே அதே துறையிலோ அதனினும் பெரிய துறையிலோ அமர்ந்திருப்பார். நிதி, உள்துறை இரண்டையும் முன்பு கவனித்திருந்த எச்.எம். பட்டேல் அவற்றுள் ஒன்றுக்கு முதன்மையான பெயர். சட்டத்துறைக்குச் சாந்தி பூஷண் இயல்பான தெரிவு. கட்சித் தலைவர் சந்திரசேகர் 1977-இல் போலவே அமைச்சரவைக்கு வெளியே நின்றிருக்கக்கூடும்.

தமிழ்நாட்டிலிருந்து, மொரார்ஜி அரசில் எரிசக்தித் துறை அமைச்சராக இருந்த பா. இராமச்சந்திரன் திரும்ப வந்திருப்பார். மாநிலங்களவை உறுப்பினரான இரா. செழியன் கருதப்பட்டிருப்பார். அத்தேர்தலில் ஜனதாவுடன் கூட்டணி கண்ட அ.இ.அ.தி.மு.க.வுக்கும் இடம் ஒதுக்கப்பட்டிருக்கும்.

எஞ்சும் கேள்வி உள்துறை பற்றியது. ஜனசங்கப் பிரிவு அதைக் கேட்டிருக்கும். ஜெகஜீவன் ராமின் சொந்த ஆதரவாளர்கள் எண்ணிக்கையில் குறைவு. மொரார்ஜி 1978 சூலை முதல் 1979 சனவரி வரை உள்துறையைத் தம்மிடமே வைத்திருந்த முன்னுதாரணம் அவர் கைக்கு உதவியிருக்கலாம். பெல்ச்சியிலும் விழுப்புரத்திலும் தலித்துகள் கொல்லப்பட்ட ஆண்டுகள் அவை. காவல்துறை மாநிலப் பட்டியலில் உள்ளதெனினும், வன்கொடுமைகள் குறித்து மாநில அரசுகளிடம் விளக்கம் கேட்கும் இடம் ஒன்றிய உள்துறையே. அத்துறை அவரிடம் இருந்திருந்தால் மட்டுமே அவருடைய தலைமை சேரிகள்வரை எட்டியிருக்கும்.

தலித் முகங்கள்

இப்பட்டியலில் பிற தலித் அமைச்சர்கள் யார்? அம்பாலாவிலிருந்து 1967-இலும் 1977-இலும் வென்ற ஜனசங்கத்தின் சூரஜ் பான், 1980-இலும் அங்கு வென்றவர். அவர் பெயர் உறுதியாக இடம்பெற்றிருக்கும். 1977-இல் ஹாஜிப்பூரில் மாபெரும் வாக்கு வேறுபாட்டில் வென்ற இராம் விலாஸ் பாஸ்வான் சரண் சிங் அணியில் இருந்ததால் கணக்கில் வரமாட்டார்.

தமிழ்நாட்டிலிருந்து வரக்கூடிய பெயர் சத்தியவாணி முத்து. அண்ணா அமைச்சரவையில் அரிசன நலத்துறை அமைச்சராக இருந்தவர், 1974-இல் தி.மு.க.விலிருந்து வெளியேறித் தாழ்த்தப்பட்டோர் முன்னேற்றக் கழகத்தைத் தொடங்கிப் பின்னர் அதனை அ.இ.அ.தி.மு.க.வுடன் இணைத்தவர். 1979 ஆகஸ்டில் பாலா பழனூருடன் சரண் சிங் அமைச்சரவையில் சேர்ந்தார். ஒன்றிய அமைச்சரவையில் திராவிடக் கட்சிகள் பெற்ற முதல் இடங்கள் அவை. கூட்டணி வென்றிருந்தால் அவர் மீண்டும் அமைச்சராகியிருப்பார். ஆனால் எந்தத் துறைக்கு என்பதில் ஐயம் கொள்ள இடமில்லை: நலத்துறை, அல்லது அதையொத்த ஒன்று. இந்த ஊகத்தை உறுதியாகச் செய்ய முடிவதே பிரச்சினையின் மையம்.

தொழிலாளர் துறை என்னும் ஒதுக்கிடம்

ஒன்றிய அரசில் தலித் தலைவர்களுக்குக் கிடைத்த துறைகளை வரிசைப்படுத்தினால் ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருகிறது. 1942-இல் வைசிராயின் நிர்வாக அவையில் அம்பேத்கர் தொழிலாளர் உறுப்பினர். 1946 இடைக்கால அரசில் ஜெகஜீவன் ராம் தொழிலாளர் அமைச்சர். 1964-இல் லால் பகதூர் சாஸ்திரி அமைச்சரவையில் தாமோதரம் சஞ்சீவய்யா தொழிலாளர் அமைச்சர். 1966-இல் மீண்டும் ஜெகஜீவன் ராம். 2009-இல் மல்லிகார்ஜுன கார்கே.

தொழிலாளர் துறை சிறிய துறையன்று. அதை அம்பேத்கர் எவ்வளவு பெரிதாக்கிக் காட்டினார் என்பது தெரிந்ததே. ஆனால் பொருளியலில் உயர்பட்டங்கள் பெற்ற அவருக்கு விடுதலைக்குப் பின் நிதியோ திட்டமிடலோ தரப்படவில்லை. 1951-இல் பதவி விலகியபோது அவர் முன்வைத்த குறைகளுள் அதுவும் ஒன்று. ஜெகஜீவன் ராம் பாதுகாப்பு, வேளாண்மை, இரயில்வே ஆகிய பெருந்துறைகளை ஆண்டார். உள்துறையும் நிதியும் அவரிடம் வரவில்லை. உள்துறை பின்னாளில் பூட்டா சிங்கிடமும் சுசில்குமார் ஷிண்டேயிடமும் வந்தது. பூட்டா சிங் உள்துறை அமைச்சராக இருந்த 1989-இல்தான் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் நிறைவேறியது. ஒன்றிய நிதித்துறை இன்றுவரை ஒரு தலித்தின் பொறுப்பில் இருந்ததில்லை.

திருத்தணி கண்ட 81 நாட்கள்

மேலே குறிப்பிட்ட சஞ்சீவய்யா, இந்தியாவில் ஒரு மாநிலத்தின் முதல் தலித் முதலமைச்சர். 1960 சனவரி 11 அன்று ஆந்திரப் பிரதேச முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். அவருக்கு முன் அப்பதவியில் இருந்தவர், பின்னாளில் ஜெகஜீவன் ராமுக்கு அழைப்பு விடுக்காத அதே நீலம் சஞ்சீவ ரெட்டி.

அந்நாளில் திருத்தணி ஆந்திரத்தில் இருந்தது. 1953 அக்டோபர் 1 அன்று சித்தூர் மாவட்டத்தோடு ஆந்திர மாநிலத்துக்குச் சென்ற இப்பகுதி, ம.பொ.சி., மங்கலங்கிழார் முதலியோர் முன்னெடுத்த எல்லைப் போராட்டத்துக்கும் படாஸ்கர் பரிந்துரைக்கும் பின் 1960 ஏப்ரல் 1 அன்று சென்னை மாநிலத்துடன் இணைந்தது. ஆகவே கே.ஜி.கண்டிகை முதலிய திருத்தணி வட்டாரச் சிற்றூர்கள் சனவரி 11 முதல் மார்ச் 31 வரை, 81 நாட்கள், தலித் முதலமைச்சர் ஒருவரின் ஆட்சியில் இருந்தன. தமிழ்நாட்டின் பிற பகுதிகளில் பெரும்பாலானவற்றுக்குக் கிட்டாத அனுபவம் இது. சென்னை மாநிலத்திலும் தமிழ்நாட்டிலும் காமராசர் முதல் மு.க. ஸ்டாலின் வரை தலித் ஒருவர் முதலமைச்சரானதில்லை.

எல்லைப் போராட்டத்தின் வரலாறு மொழியுரிமையின் வரலாறாக எழுதப்பட்டுள்ளது, அது நியாயமே. அந்த 81 நாட்கள் அவ்வரலாற்றில் இடம்பெறுவதில்லை. சஞ்சீவய்யாவின் பதவி நெடுநாள் நீடிக்கவில்லை. 1962 மார்ச்சில் முதலமைச்சர் நாற்காலி மீண்டும் சஞ்சீவ ரெட்டியிடம் சென்றது; இரண்டாண்டுகளுக்குப் பின் சஞ்சீவய்யாவுக்குக் கிடைத்தது தொழிலாளர் துறை.

தமிழ்நாட்டின் வழக்கம்

திருத்தணி வந்துசேர்ந்த மாநிலத்தின் பதிவேடு கலவையானது. 1937-இன் இடைக்கால அமைச்சரவையில் எம்.சி. ராஜாவும், அதையடுத்த இராஜாஜி அமைச்சரவையில் வி.ஐ. முனுசாமிப் பிள்ளையும் இடம்பெற்றனர். 1954-இல் காமராசர், பரமேசுவரனிடம் இந்து அறநிலையத் துறையை ஒப்படைத்தார். கோயில் நுழைவுக்காகப் போராடிய மக்களிலிருந்து வந்த ஒருவர் கோயில்களை நிருவகிக்கும் துறைக்குத் தலைமையேற்றார். கக்கன் பொதுப்பணி, வேளாண்மை ஆகிய துறைகளைக் கவனித்து, 1963-இல் பக்தவத்சலம் அமைச்சரவையில் உள்துறை அமைச்சரானார்.

1967-க்குப் பின் காவல்துறை முதலமைச்சரின் பொறுப்பிலேயே இருந்து வருவது வழக்கமாயிற்று; தலித் அமைச்சருக்கு ஆதிதிராவிடர் நலத்துறை என்பதும் வழக்கமாயிற்று. 1968 திசம்பர் 25 அன்று கீழவெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டபோது அமைச்சரவையில் தலித் ஒருவர் இருந்தார். ஆனால் காவல் நிலையமோ நில வருவாய்த் துறையோ அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டு மக்களில் 20 விழுக்காட்டினர் பட்டியல் சாதியினர். 35 பேர் கொண்ட அமைச்சரவையில் அவ்விகிதப்படி ஏழு பேர் இருக்க வேண்டும். 2021-இல் மூவர் இடம்பெற்றனர்; 2024 செப்டம்பர் மாற்றத்துக்குப் பின் நால்வர். அம்மாற்றத்தில் கோவி. செழியனுக்கு உயர்கல்வித் துறை தரப்பட்டது வழக்கத்தை மீறிய நல்ல முடிவு. மற்றவர்களுக்கு ஆதிதிராவிடர் நலம், தொழிலாளர் நலம், மனிதவள மேலாண்மை ஆகியவை இருந்தன.

உத்தேசப் பட்டியலை வாசிக்கும் முறை

ஜெகஜீவன் ராமின் அமையாத அமைச்சரவை, தலித் பிரதமரின் தலைமையிலும் நிதி வேறொருவரிடம் இருந்திருக்கும், உள்துறை பேரத்துக்குரிய பொருளாக இருந்திருக்கும், தமிழ்நாட்டுத் தலித் அமைச்சர் நலத்துறையில் அமர்ந்திருப்பார் என்பதைக் காட்டுகிறது. அந்த அமைச்சரவை நீடித்திருக்குமா என்பதும் உறுதியன்று. தோல்விக்குப் பின் இரட்டை உறுப்பினர் சிக்கலால் ஜனதா உடைந்து, 1980 ஏப்ரலில் பாரதிய ஜனதா தோன்றியது. வெற்றி பெற்றிருந்தாலும் அதே விரிசல் அமைச்சரவைக்குள் இருந்திருக்கும்.

எனவே அடுத்த தேர்தலுக்கு முன் எந்தக் கட்சியின் உத்தேசப் பட்டியல் வெளிவந்தாலும் மூன்று கேள்விகளை எழுப்ப வேண்டும். மக்கள்தொகை விகிதப்படி தலித் அமைச்சர்கள் உள்ளனரா? நிதி, உள்துறை, வருவாய், பொதுப்பணி, கல்வி ஆகியவற்றில் ஒன்றேனும் அவர்களிடம் உள்ளதா? துறையின் செயலாளரையும் நிதி ஒதுக்கீட்டையும் தீர்மானிப்பதில் அந்த அமைச்சருக்குப் பங்கு உண்டா? வாக்கு கேட்டு ஊருக்குள் வரும் வேட்பாளரிடமே இவற்றைக் கேட்கலாம். பட்டியல் சாதி வாக்குகளை நம்பிக் கூட்டணி அமைக்கும் கட்சிகள், தொகுதிகளின் எண்ணிக்கையோடு இலாகாவையும் பேச்சுவார்த்தையில் எழுத்தாக வைக்க வேண்டிய காலம் இது.